விண்ணாய்வில் முதலிடம் எதற்கு?

விண்ணாய்வுக்குச் செலவாவது மக்களின் வரிப்பணம். ஆதலின், எதனை முதலிற் செய்வது என்பதில் மக்களுக்கும் பங்குண்டு. இவ்வகையில் இந்தியா செய்த சோதனை ஒன்று ஆசிரியர்கள் அறியத்தக்கது.

வறிய நாட்டுக்கு விண்ணாய்வு எதற்கு என்று பலர் வினவினர். மக்கள் வாழ்வுக்குப் பயன்படுவதே முதல் நோக்கம் என்றார் விக்ரம் சாராபாய். ஒளிபரப்புச் சோதனைக்காக நாசாவுடன் 1969-இல் உடன்பாடு ஏற்பட்டது. 1971-இல் அவர் மறைந்தார்; திட்டம் நிற்கவில்லை. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி, வேளாண்மை, உடல்நல நிகழ்ச்சிகள் துணைக்கோள் வழியே சென்றன. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 50,000 பேர் அறிவியற் பயிற்சி பெற்றனர்.

இதன் நிர்வாக நுட்பம் யாது? பெருஞ்செலவு பிடிக்கும் துணைக்கோளை நாசாவிடம் இரவல் பெற்றனர். ஊர்ப்பொதுத் தொலைக்காட்சிப் பெட்டி, நிகழ்ச்சி, பழுதுபார்க்கும் ஏற்பாடு ஆகியவற்றில் தம் உழைப்பைச் செலுத்தினர். சிற்றூர்களில் விளைந்த பயனையும் ஆராய்ந்தனர். அதன் பின்னரே, 1982-இல், இன்சாட் வரிசைத் துணைக்கோள்கள் விண்ணேறத் தொடங்கின. முதலாவது சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983-இல் சென்ற இரண்டாவது பணியை நிறைவேற்றிற்று.

பாடக்குறிப்பு எழுதுமுன் மாணவனின் தேவையை அறிக என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம். விண்கலத்துக்குப் பணம் ஒதுக்குவோருக்கும் அப்பாடம் பொருந்தும்.