தலைகீழாக வந்த விடை

1950-களில் ஒரு நோயாளியின் ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் எலி வேண்டும். எலியைக் கொன்று, அதன் உதரவிதானத் தசையை வெட்டியெடுத்து, நோயாளியின் ரத்தநீரில் போட்டு, தசை எவ்வளவு சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது என்று கணக்கெடுப்பார்கள். அதிலிருந்து இன்சுலின் இவ்வளவு இருக்கலாம் என்று ஊகிப்பார்கள். கூடத்துக்குக் கூடம் விடை மாறும்.

மருந்து இல்லாத காலம் அல்ல அது. ஆட்டின் தைராய்டுச் சாற்றை 1891-லேயே ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். இன்சுலின் 1922-ல் நோயாளிக்கு வந்துவிட்டது. இல்லாதது அளவுகோல்தான். வெறும் வயிற்றில் இருப்பவரின் ஒரு மில்லி லிட்டர் ரத்தநீரில் உள்ள இன்சுலின், ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூடத் தேறாது. அதே மில்லி லிட்டரில் மற்ற புரதங்கள் 70 மில்லிகிராம் அளவுக்குக் கிடக்கின்றன. இந்தக் கூட்டத்துக்குள் இன்சுலினை மட்டும் எப்படிக் கண்டுபிடித்து எண்ணுவது?

எண்ணிக் காட்டியவர்கள் இருவர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். ரோசலின் யாலோ இயற்பியல் படித்தவர். படித்து முடித்த நாளில், பெண்ணுக்கு ஆராய்ச்சி இடம் கிடைப்பது அரிது என்று சுருக்கெழுத்து கற்கச் சொன்னார்கள். போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குப் போய்விட, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கதவு திறந்தது. 1945-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிராங்க்ஸ் மருத்துவமனையில் அவருக்கு முதலில் கிடைத்த ஆய்வுக்கூடம், துடைப்பமும் வாளியும் வைக்கும் சின்ன அறை. 1950-ல் அவரோடு சேர்ந்த சாலமன் பெர்சன் பொது மருத்துவர். யாலோ அவருக்கு இயற்பியலும் கணக்கும் சொல்லிக்கொடுக்க, அவர் யாலோவுக்கு உடற்கூறும் மருத்துவமும் சொல்லிக்கொடுத்தார். பெர்சனின் மரணம்வரை, 22 ஆண்டுகள் அப்படியே போயின.

அவர்கள் அளவுகோல் தேடிப் புறப்படவில்லை. வேறொருவர் சொன்ன கருத்தைச் சோதிக்கப் போனார்கள். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் இன்சுலின் சுரக்காமல் போவதில்லை, சுரந்தது கல்லீரல் நொதியால் மிக வேகமாக அழிந்துவிடுகிறது என்று ஆர்தர் மிர்ஸ்கி என்ற மருத்துவர் சொல்லியிருந்தார். சோதிப்பது எளிது. கதிரியக்க அயோடினை ஒட்டிய இன்சுலினை ஊசியில் ஏற்றி, ரத்தத்திலிருந்து அது எத்தனை வேகத்தில் மறைகிறது என்று பார்த்தால் போதும். மிர்ஸ்கி சொன்னது சரியென்றால் சர்க்கரை நோயாளியிடம் சீக்கிரம் மறைய வேண்டும்.

நடந்தது தலைகீழ். நோயாளிகளிடம் அது மெதுவாக மறைந்தது.

கருத்து தவறு என்று எழுதி மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். பலர் அதைத்தான் செய்திருப்பார்கள். யாலோவும் பெர்சனும் மெதுவாக மறைந்தவர்களுக்குள் என்ன ஒற்றுமை என்று தேடினார்கள். சர்க்கரை நோயே இல்லாத ஒருவரிடமும் அதே மந்தம் இருந்தது. அவர் மனச்சிதைவுக்காக இன்சுலின் அதிர்ச்சி சிகிச்சை பெற்றவர். ஆக, காரணம் நோய் அல்ல, முன்பு போட்ட ஊசி! அன்றைய இன்சுலின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தது. அதை அந்நியப் பொருளாகக் கண்ட உடல் எதிரணுக்களை உண்டாக்கியிருந்தது. அவை இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொண்டதால்தான் அது ரத்தத்திலேயே தங்கியது.

இன்சுலின் மாதிரிச் சின்னப் புரதத்துக்கு எதிரணு உருவாகாது என்பது அன்றைய நிபுணர்களின் உறுதியான நம்பிக்கை. ஒரு பெரிய அறிவியல் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. இன்னொன்றும் முதலில் மறுத்தது. தலைப்பிலிருந்து ‘எதிரணு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘இன்சுலினைப் பிடிக்கும் குளோபுலின்’ என்று போட்ட பிறகே 1956-ல் அச்சேறியது. அந்த மறுப்புக் கடிதத்தை யாலோ தூக்கிப் போடவில்லை. 1977-ல் நோபல் உரையில் எல்லோருக்கும் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த பழிவாங்கல் இது.

எதிரணு இன்சுலினைப் பிடிக்கிறது என்றால், அதை வைத்தே இன்சுலினை எண்ணலாமே என்பது அடுத்த தாவல். இருக்கைகள் குறைந்த டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் இத்தனை பேர் என்று எண்ணி ஏற்றுகிறோம். கூடவே மற்றவர்களும் முண்டியடித்து ஏறுகிறார்கள். உட்கார இடம் பிடித்த சிவப்புச் சட்டைகளை மட்டும் எண்ணினால் போதும். அவர்கள் குறையக் குறைய, மற்றவர் கூட்டம் அதிகம் என்று அர்த்தம். இருக்கைகள்தான் எதிரணுக்கள். சிவப்புச் சட்டை, கதிரியக்க அடையாளம் ஒட்டிய இன்சுலின். மற்றவர்கள், நோயாளியின் சொந்த இன்சுலின். நல்ல எதிரணுவைக் கினிப்பன்றிகள் கொடுத்தன. மனித ரத்தத்தின் இன்சுலினை இப்படி அளந்து காட்டிய முழுக் கட்டுரை 1960-ல் வந்தது.

முதல் பெரிய அதிர்ச்சி சர்க்கரை நோயிலேயே காத்திருந்தது. பெரியவர்களுக்கு வரும் வகையில் பலருடைய ரத்தத்தில் இன்சுலின் குறையவில்லை, குளுக்கோஸ் குடித்த பிறகு இயல்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. உடல் அதற்குச் செவிசாய்க்கவில்லை, அவ்வளவுதான். இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் மருந்து அல்ல என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒவ்வொரு ஹார்மோனாக வரிசையில் வந்தது. ரத்த வங்கிகளில் மஞ்சள் காமாலைக் கிருமியைத் தேடவும் இதே முறை பயன்பட்டது. எல்லாவற்றிலும் பெரிய பலன் என்று நான் எண்ணுவது கனடாவின் கியூபெக்கில் நடந்தது. தைராய்டு குறைபாட்டோடு பிறக்கும் குழந்தை பார்வைக்கு மற்ற குழந்தைகளைப் போலவே இருக்கும். அடையாளம் வெளியே தெரிய மாதங்கள் ஆகும், அதற்குள் மூளை வளர்ச்சி மீட்க முடியாதபடி கெட்டிருக்கும். குதிகாலில் குத்தித் தாளில் காயவைத்த ரத்தத்துளியிலேயே தைராய்டு ஹார்மோனை அளக்கலாம் என்று 1970-களின் தொடக்கத்தில் ழான் டுசோ காட்டினார். சிகிச்சை வெறும் தைராக்சின் மாத்திரை, பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கலாம். மருந்து முன்பே இருந்தது, யாருக்கு என்று தெரியாமல்தான் அத்தனை பிள்ளைகளின் மூளை வளர்ச்சி கெட்டது. உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் இந்தச் சோதனை எடுத்தாயிற்றா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் இருவரும் காப்புரிமை வாங்கவில்லை. வந்து கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1972-ல் பெர்சன் மாரடைப்பில் இறந்தார். மறைந்தவர்களுக்கு நோபல் கிடையாது. கூட்டணியின் மூளை பெர்சன்தான் என்று பேசியவர்கள் நிறைய. யாலோ ஆய்வுக்கூடத்துக்குப் பெர்சன் பெயரை வைத்தார், தன் கட்டுரைகளில் எல்லாம் அந்தப் பெயர் வரட்டும் என்று. ஐந்து வருடம் கழித்து நோபல் பரிசில் பாதி அவருக்கு வந்தது. மருத்துவத்தில் அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர்.

இன்று நம் ஊர் ஆய்வகங்களில் பெரும்பாலும் கதிரியக்கம் இல்லை. அடையாளம் ஒளிவிடும் வேதிப்பொருளாக மாறிவிட்டது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளக்கும்போது போட்டிகூடக் கிடையாது. இரண்டு எதிரணுக்கள் இருபுறமும் நின்று ஹார்மோனைப் பிடிக்கின்றன. ஆனால் எண்ணைத் தருவது இன்றும் எதிரணுவின் பிடிதான். அந்தப் பிடியில் குளறுபடி நேர்ந்தால் ரிப்போர்ட்டும் குளறுபடியாகும். முடி வளர, நகம் வளர என்று விற்கும் பயோட்டின் மாத்திரை இதற்குப் பெயர் போனது. பல கருவிகள் தமக்குள்ளேயே பயோட்டினைப் பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது ஏராளமாக இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் தைராக்சின் பொய்யாகக் கூடியும் காட்டலாம். சுரப்பி ஒழுங்காக இருக்கும் ஒருவர் காகிதத்தில் தைராய்டு மிகைச்சுரப்பு நோயாளி ஆகிவிடுவார். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அந்த மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, குறைந்தது இரண்டு நாள் நிறுத்திய பிறகு தைராய்டு சோதனைக்கு ரத்தம் கொடுங்கள்.