கலைந்த எழுத்தும் கிடைக்கும் பொருளும்

ஈ, ஏ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை ஆறு விதமாக அடுக்கலாம். அவற்றில் நான்கு, சாதாரண அகராதியிலேயே உள்ள சொற்கள். ‘ஈட்’ என்றால் சாப்பிடு, ‘ஏட்’ அதன் இறந்தகாலம். இரண்டும் ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானியச் சொத்து. ‘டீ’ தென்சீனக் கடற்கரைப் பேச்சில் பிறந்து, டச்சு வணிகர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ‘ஈட்டா’ கிரேக்க நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்து. மூன்றே எழுத்துக்குள் இவ்வளவு இருக்கும்போது, எழுத்துகளைக் கலைத்து அடுக்கிச் சொல் தேடும் விளையாட்டில் சொல்லை மட்டும் கண்டுபிடித்துப் புள்ளி வாங்கிக்கொண்டு பொருளை விட்டுவிடுவது பெரிய நஷ்டம்.

இவ்வகை விளையாட்டுகளில் புகழ்பெற்றது ஸ்கிராபிள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள்களில் எண்ணிப் பார்த்து 1930களில் இதை உருவாக்கினார். எழுத்து பொறித்த 100 வில்லைகளில் ஈ 12. க்யூ ஒன்றுதான், அதற்கு 10 புள்ளி. க்யூவுக்குப் பின்னால் யூ வருவதே ஆங்கில வழக்கம். யூ கையில் இல்லாதவரைக் காப்பாற்றுவது க்யூ, ஐ சேர்ந்த ‘சீ’: சீன மருத்துவம் பேசும் உயிராற்றல். இரண்டு ஏ சேர்ந்தால், ஹவாய் எரிமலைகள் கக்கும் கரடுமுரடான லாவா. இவை பெயர்ச்சொற்கள் என்று தெரிந்தவர் எஸ் சேர்த்துப் பன்மையாக்கலாம் என்பதையும் ஊகிப்பார். பொருள் ஆட்டத்துக்கும் உதவுகிறது.

நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வென்றாரே, பிறகு பொருள் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சொற்பட்டியலை மனப்பாடம் செய்தே வென்ற அபூர்வ நினைவாற்றல் அவருடையது. அது எல்லோருக்கும் வாய்க்காது. பட்டம் வென்ற பிறகும் பிரெஞ்சு அவருக்கு வந்துவிடவில்லை. மற்றவர்களுக்குச் சொல் மனதில் நிற்கப் பொருள்தான் பிடிமானம்.

யாரும் பேசாத சொற்களால் என்ன பயன் என்பது அடுத்த ஆட்சேபம். மின்தடையின் அலகு ‘ஓம்’. அதன் மூன்று ஆங்கில எழுத்துகளையும் தலைகீழாக்கினால் ‘மோ’: தடைக்குத் தலைகீழான மின்கடத்தலின் பழைய அலகு. தெரிந்தே வைத்த பெயர் அது. இன்று ‘சீமென்ஸ்’ என்கிறோம். இதை அறிந்த மாணவருக்கு இரண்டு அலகுகளின் உறவும் மறக்காது.

செல்போனில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள், புதுச்சொல் கிடைத்ததும் அடுத்த சுற்றுக்குத் தாவாமல் ஒருமுறை அகராதியைத் திறந்து பாருங்கள்.