எந்தக் கதவைத் தட்டுவது? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்கு ஒரு சர்வதேச வழிகாட்டி

இலங்கையின் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பதில் கேட்டுத் தாய்மார் பந்தல் போட்டு அமர்ந்தார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் பந்தல் எழுந்தது. அங்கு வரும் பல அம்மாக்களின் மடியில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். லேமினேட் செய்த பாஸ்போர்ட் அளவுப் படம், அடையாள அட்டைப் பிரதி, மடிப்பு கிழிந்த பொலிஸ் முறைப்பாடு, ஆணைக்குழுக்களுக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் அதற்குள் இருக்கும். சர்வதேசத்திடம் நீதி கேட்கப் போனால் முதலில் கேட்கப்படுவது அந்தப் பைக்குள் இருப்பவற்றைத்தான்.

போனவரா, ஆக்கப்பட்டவரா?

கடலுக்குப் போனவர் புயலில் சிக்கித் திரும்பாமல் இருந்தால் அவர் காணாமல் போனவர். இராணுவத்திடம் கையளிக்கப்பட்ட மகனும் வெள்ளை வானில் ஏற்றப்பட்ட கணவனும் அப்படி அல்ல. அவர்கள் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். இந்தச் சொல்லை உறவுகள் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு.

வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய ஐ.நா. சமவாயத்தின்படி, இந்தக் குற்றத்துக்கு மூன்று அடையாளங்கள் உள்ளன. ஒருவர் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது கடத்தப்பட்டிருக்க வேண்டும். அதை அரசின் ஆட்களோ, அரசின் ஆதரவுடனோ சம்மதத்துடனோ இயங்கியவர்களோ செய்திருக்க வேண்டும். பிறகு, அவர் எங்கே, என்ன ஆனார் என்பதை மறைக்க வேண்டும், அல்லது பிடித்ததையே மறுக்க வேண்டும். மூன்றாவதுதான் இந்தக் குற்றத்தின் உயிர். மறைப்பு தொடரும் வரை குற்றமும் தொடர்கிறது. அதனால்தான் 1990இல் நடந்ததை இன்றும் கேட்க முடிகிறது.

ஏன் வெளியே போகிறார்கள்?

உள்நாட்டில் தட்டாத கதவு இல்லை. பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு, நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்று எல்லாம் பார்த்தாயிற்று. 2013இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கு மட்டும் 20,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் போயின. 2016இல் சட்டம் இயற்றி, காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவாக்கப்பட்டது. ஆனால் அந்த அலுவலகத்தின் கண்டறிதல்கள் யார்மீதும் குற்றவியல் பொறுப்பையோ குடியியல் பொறுப்பையோ சுமத்தாது என்று அதே சட்டம் சொல்கிறது. 2022இல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பல தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள். அவர்கள் கேட்டது காசு அல்ல, பதில்.

இது தமிழ்த் தாய்மாரின் கதை மட்டுமல்ல. 1980களின் இறுதியில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியை ஒடுக்கியபோது தெற்கிலும் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் இப்படியே மறைந்தார்கள். 2010 ஜனவரியில் காணாமல் ஆக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொடவின் மனைவி சந்தியாவும் ஜெனீவா வரை போய் நீதி கேட்டவர்தான்.

எந்தக் கதவு எதற்கு?

*வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய ஐ.நா. செயற்குழு.* ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி பிள்ளைகளைத் தூக்கிச் சென்றபோது, 1977 முதல் தாய்மார் தலைநகரின் மே சதுக்கத்தைச் சுற்றி வியாழன்தோறும் நடந்தார்கள். அங்கிருந்தும் சிலியிலிருந்தும் எழுந்த குரல்கள் 1980இல் இந்தச் செயற்குழு பிறக்க முக்கிய காரணம். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் இல்லை, உள்நாட்டு வழக்கு முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பெயர், சம்பவம் நடந்த திகதி, இடம், சந்தேகிக்கப்படும் தரப்பு, இதுவரை தேடிய விபரம் ஆகியவை போதும். முறைப்பாட்டை ஆங்கிலம் போன்ற ஐ.நா. மொழி ஒன்றில் அனுப்ப வேண்டும். வேறொருவர் அனுப்பினால் குடும்பத்தின் சம்மதம் அவசியம். கடந்த மூன்று மாதங்களுக்குள் நடந்த சம்பவம் என்றால் அவசர நடைமுறை உண்டு. செயற்குழு அரசிடம் விளக்கம் கேட்கும். யாரையும் தண்டிக்காது. ஆனால் அந்த மனிதரின் கதி தெளிவாகும் வரை கோப்பைத் திறந்தே வைத்திருக்கும். இலங்கை தொடர்பாக அப்படித் திறந்து கிடக்கும் கோப்புகள் 6,000க்கும் மேல்.

*காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய குழு.* இது மேலே சொன்ன ஐ.நா. சமவாயத்தின் கீழ் இயங்குவது. இலங்கை 2016 மே மாதம் சமவாயத்தை ஏற்றது. ஒரு நாட்டுக்குச் சமவாயம் நடைமுறைக்கு வந்த பிறகு தொடங்கிய சம்பவங்களையே இந்தக் குழு பார்க்கும். ஆகவே 2009இல் போரின் இறுதியில் வட்டுவாகலில் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. இது தெரியாமல் விண்ணப்பித்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

*ஐ.நா. மனித உரிமைக் குழு.* 1990இல் இராணுவம் கொண்டுபோன மகனுக்காகத் திருகோணமலைத் தந்தை ஒருவர் இங்கே முறையிட்டார். 2003இல் குழு அவர் பக்கம் நின்றது. மகனுக்கு நேர்ந்தது மட்டுமல்ல, பெற்றோரை வருடக்கணக்கில் தவிக்க விட்டதும் உரிமை மீறலே என்றது. ஆனால் 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம், வேறொரு வழக்கில், இந்த முறையீட்டு நடைமுறைக்கு உள்நாட்டுச் சட்டத்தில் வலு இல்லை என்று தீர்ப்பளித்தது.

*செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு.* 1990 முதல் 16,000க்கும் மேற்பட்டோரின் குடும்பங்கள் இதனிடம் பதிந்துள்ளன. காணாமல் போன படையினரின் குடும்பங்களும் அதில் அடக்கம். இது இரகசியம் காக்கும் அமைப்பு. தேடுவதற்கு உதவும், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லாது.

*சாட்சியங்களைப் பாதுகாக்கும் பொறிமுறை.* 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றிய 46/1 தீர்மானத்தை நிறைவேற்றியது. 22 நாடுகள் ஆதரித்தன, 11 எதிர்த்தன, இந்தியா உட்பட 14 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதன்படி ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. நாளை எந்த நாட்டிலாவது வழக்கு நடந்தால் அவை பயன்படலாம். இது வெறும் கனவல்ல. சிரிய உளவுத்துறையின் முன்னாள் கேர்ணல் ஒருவருக்கு, சிரியாவில் செய்த குற்றங்களுக்காக, 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

உறவுகள் அடிக்கடி கேட்பது சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை. இலங்கை அதன் உறுப்பு நாடு அல்ல. ஆனாலும் ஐ.நா. பாதுகாப்புச் சபை பாரப்படுத்தினால் வழி உண்டு. அங்கே ஐந்து வல்லரசுகளில் ஒன்று மறுத்தாலும் அது நின்றுவிடும்.

அப்படியானால் எதற்குப் பதிவது?

இந்தக் கதவுகளில் எதுவும் நாளைக்கே பிள்ளையைக் கொண்டுவந்து தராது. அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் பதிவு ஒரு வேலையைச் செய்யும். "அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை" என்ற மறுப்புக்கு எதிராகப் பெயரும் திகதியும் இடமும் அழியாமல் நிற்கும்.

2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு குழந்தையின் எச்சத்தோடு நீல நிறப் புத்தகப்பையும் கிடைத்தது. அந்தப் பிள்ளைக்குப் பெயர் கொடுக்க எலும்பு மட்டும் போதாது. எந்த ஊரில், எந்த நாளில், எந்த வயதுப் பிள்ளை தொலைந்தது என்று யாரோ எழுதி வைத்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க உறவினரின் மரபணு மாதிரியும் வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது

பிடித்த நாள், நேரம், இடம், சீருடை, வாகனம், கூட இருந்தவர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பல் கட்டியது, எலும்பு முறிந்தது, உடுத்திருந்த உடை ஆகியவற்றையும் சேருங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காமல் நகலை மட்டும் கொடுங்கள். ஒரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். அம்மாவின் வாக்குமூலத்தைக் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

2017இல் பந்தலில் அமர்ந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே கண் மூடிவிட்டார்கள். உங்கள் ஊரில் அந்தப் பையோடு ஒரு அம்மா இருந்தால், இந்த வாரமே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுங்கள்.