பேரு இருக்கு, டிக்கெட் இல்லை: மைல்களை வைத்துக் கூட்டாளி விமானத்தில் இடம் பிடிப்பது பற்றி

சில வருடங்களுக்கு முன் ஒரு செப்டம்பர். சிகாகோவில் மதியம் 12.30. ஆபீஸ் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது அம்மாவிடமிருந்து போன். சென்னை விமான நிலையத்தில் அப்போது இரவு 11 மணி.

"டிக்கெட் இல்லைங்கறாங்கப்பா. பேரு இருக்காம். டிக்கெட்தான் இல்லையாம்."

என் மனைவிக்கு அது ஒன்பதாம் மாதம். அம்மா வந்துவிடுவார் என்ற தைரியத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். டிக்கெட் எடுத்தது நான். காசுக்கு அல்ல, மைல்களுக்கு. ஆறேழு வருடமாக ஆபீஸ் பயணங்களிலும் கிரெடிட் கார்டிலும் ஓர் அமெரிக்க நிறுவனத்தில் சேர்த்த மைல்களைக் கொடுத்து, அதன் கூட்டாளியான ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்தில், போனிலேயே பேசி எடுத்தது. ஆறு எழுத்து புக்கிங் எண் கையில் இருந்தது. எழுந்து நடக்க வசதியாக நடைபாதை ஓரத்து சீட்டும் போட்டு வைத்திருந்தேன். விமான நிலைய வாசலில் நின்ற பாதுகாப்புப் படைக்காரர் நான் அனுப்பிய பிரிண்ட் அவுட்டைப் பார்த்துத்தான் அம்மாவை உள்ளே விட்டார். கவுண்ட்டரில் அது வெறும் காகிதம் ஆகிவிட்டது.

பேர் இருந்து டிக்கெட் இல்லாமல் போவது எப்படி? நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். விடை தெரியாமல் விட மனம் வரவில்லை. அன்றிலிருந்து படித்ததும், பல ஏஜென்ட்டுகளிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் குறிப்பு.

வரலாற்றை நீட்டப் போவதில்லை. 1981 மே 1ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் யுனைடெட்டும் தொடங்கிவிட்டது. 1997ல் ஏர் கனடா, லுஃப்தான்சா, எஸ்ஏஎஸ், தாய், யுனைடெட் என்று ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸ் அமைத்தன. 1999ல் ஒன்வேர்ல்ட், 2000ல் ஸ்கைடீம். நம் பக்கத்தில் ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் ஒன்வேர்ல்டிலும், ஏர் இந்தியா அதே வருடம் ஜூலையில் ஸ்டாரிலும் சேர்ந்தன. இந்தக் கூட்டணிகளால்தான் ஓரிடத்தில் சேர்த்த மைலை இன்னோரிடத்தில் செலவழிக்க முடிகிறது.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது பணக் கணக்கு. மைல் இருப்பது 'அ' நிறுவனத்தில். சீட் இருப்பது 'ஆ' நிறுவனத்தில். நீங்கள் மைலைக் கொடுத்தால், 'அ' தன் கையிலிருந்து 'ஆ'வுக்கு அந்த சீட்டுக்கான பணத்தைக் கொடுக்க வேண்டும். அந்த விலை இருவரும் முன்பே பேசி வைத்தது, சந்தை விலையைவிடப் பொதுவாக மிகக் குறைவு. அதனால் எப்படியும் விற்காது என்று தோன்றுகிற சீட்டுகளை மட்டும்தான் 'ஆ' கூட்டாளிகளுக்கு ஒதுக்கும். அந்த ஒதுக்கீட்டுக்குத் தனி எழுத்துகள் உண்டு. ஸ்டார் அலையன்ஸில் எகானமிக்கு எக்ஸ், பிசினஸுக்கு ஐ, ஃபர்ஸ்ட்டுக்கு ஓ. 'ஐ' பெட்டியில் பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். "சீட் மேப்பில் பாதி காலியா இருக்கே" என்று போனில் சண்டை போட்டுப் பயனில்லை. நானும் போட்டுப் பார்த்தவன்தான்.

சில நிறுவனங்கள் நல்ல சீட்டுகளைத் தன் சொந்த உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்ளும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நீண்ட தூர பிசினஸ் சீட் பிறர் மைல்களுக்குக் கிடைப்பது அபூர்வம். லுஃப்தான்சா ஃபர்ஸ்ட் பல வருடங்கள் கூட்டாளிகளுக்குத் திறந்தது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான்.

சரி, இதற்கு எதற்குப் போன்? எல்லாம்தான் வெப்சைட்டில் இருக்கிறதே என்று கேட்கலாம். 'அ'வின் வெப்சைட் தான் இணைப்புக் கொடுத்து வைத்திருக்கும் கூட்டாளிகளை மட்டுமே காட்டும். விர்ஜின் அட்லாண்டிக் மைல்களைக் கொண்டு ஜப்பானின் ஏஎன்ஏ விமானத்தில் போக வேண்டுமென்றால் பல வருடங்கள் போன்தான் ஒரே வழி. கூட்டாளி தெரிந்தாலும், மூன்று விமானம் மாறிப் போகிற பாதையை வெப்சைட்டின் தேடல் கோர்த்துத் தராது. சில நொடிகளுக்குள் விடை சொல்லியாக வேண்டிய நிரல் அது, எல்லாச் சேர்க்கைகளையும் முயற்சி செய்து பார்க்காது. மனிதர் ஒருவரோ, நீங்கள் சொல்கிற விமானங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

ஆகவே வீட்டுப் பாடம் நம்முடையது. உங்கள் மைல் எங்கே இருந்தாலும், அதே கூட்டணியில் தேடலை நன்றாகச் செய்கிற வேறொரு நிறுவனத்தின் வெப்சைட்டில் பாருங்கள். ஸ்டாருக்கு யுனைடெட், ஏர் கனடா தளங்கள் எனக்கு உதவியிருக்கின்றன. சென்னையிலிருந்து கடைசி ஊர் வரை மொத்தமாகத் தேடாமல், ஒவ்வொரு துண்டாகத் தேடுங்கள். கிடைத்ததை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, விமான எண், எங்கிருந்து எங்கே, எந்த வகுப்பு. அதற்குப் பிறகுதான் போன்.

போனில் கதை சொல்லக் கூடாது. முதல் தடவை நான், "எங்கம்மா திருச்சியில் இருக்காங்க, டெலிவரிக்கு வரணும்" என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண்மணி அன்பாகத் திருச்சியைத் தேடினார், அங்கிருந்து அவர்கள் கூட்டாளி யாரும் பறக்கவில்லை, வேறேதும் உதவி வேண்டுமா என்று முடித்துவிட்டார். இரண்டாவது தடவை விமான எண்களைச் சொன்னேன். அவர் கணினி காட்டிய பட்டியலில் அது இல்லை என்றார். மூன்றாமவரிடம், "பட்டியலில் தேட வேண்டாம், இந்த எண்ணை நேரடியாகக் கேட்டுப் பாருங்கள்" என்றேன். கிடைத்துவிட்டது. ஒருவர் இல்லை என்றால் நன்றி சொல்லி வைத்துவிட்டு மறுபடி அழைப்பதில் தப்பே இல்லை. ஏஜென்ட்டுகளின் அனுபவம் அவ்வளவு வேறுபடும்.

அவர்கள் "கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்வது சும்மா பேச்சுக்கு இல்லை. டெலிபிரின்டர் காலத்திலிருந்து வரும் இரண்டெழுத்துச் சங்கேதங்களில் 'அ'வின் கணினி 'ஆ'வின் கணினிக்கு இன்றும் செய்தி அனுப்புகிறது. என்என் என்றால் இடம் வேண்டும். எச்கே என்றால் உறுதி. யூசி என்றால் தர முடியாது. வெப்சைட்டில் தெரிந்த சீட் போனில் யூசி ஆவது அடிக்கடி நடக்கும். வெப்சைட் காட்டியது எப்போதோ கேட்டுச் சேமித்து வைத்த பழைய பதில், நாங்கள் கேஷ் என்று சொல்வது. இதைப் பேய் சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி கார்டு பாயின்ட்டுகளை மைலாக மாற்றப் போகிறவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். மாற்றினால் பொதுவாகத் திரும்பி வராது. சில திட்டங்களில் ஏஜென்ட் சீட்டைச் சில நாள் ஹோல்டில் வைப்பார். வைக்கச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

அடுத்தது பெயர். நம்மூர் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று விழும், 'முதல் பெயர் தெரியவில்லை' என்று பொருள். டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்பதை அழைப்பிலேயே பேசி முடிவு செய்யுங்கள். எழுத்துக்கூட்டும்போது வி என்றால் விக்டர், பி என்றால் பிராவோ என்று சொல்லிவிடுவது நல்லது. கூட்டாளி டிக்கெட்டில் பெயர் திருத்த இரண்டு நிறுவனமும் சம்மதிக்க வேண்டும்.

இனி டிக்கெட். கூட்டாளி பயணம் ஒன்றுக்குப் பின்னால் மூன்று பதிவுகள் இருக்கின்றன. 'அ'வின் கணினியில் ஒரு புக்கிங். 'ஆ'வின் கணினியில் இன்னொரு புக்கிங், அதற்கு வேறு ஆறு எழுத்து. மூன்றாவதுதான் டிக்கெட். அதற்கு 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் வழங்கிய நிறுவனத்தைச் சொல்லும்: அமெரிக்கன் 001, யுனைடெட் 016, லுஃப்தான்சா 220, சிங்கப்பூர் 618. புக்கிங் என்பது கல்யாண மண்டபத்தைச் சொல்லி வைத்த மாதிரி. டிக்கெட் என்பது பணம் கட்டிய ரசீது. முன்பு இந்த ரசீது காகிதமாக நம் கையிலேயே இருந்தது. 2008 ஜூன் 1ஆம் தேதியோடு ஐயாட்டா அமைப்பு காகித டிக்கெட்டை நிறுத்தியது. அதன்பின் ரசீது 'அ'வின் கணினிக்குள் இருக்கிறது. 'ஆ'வின் கவுண்ட்டரில் இருப்பவர் அங்கே கேட்டுத்தான் பார்க்க முடியும்.

அம்மா விஷயத்தில் நடந்தது இதுதான். முதலில் விமானம் இரவு 11.50க்கு. ஜூலையில் அதை 1.10க்குத் தள்ளினார்கள். வெறும் 80 நிமிடம்தான், ஆனால் நள்ளிரவைத் தாண்டியதால் தேதியே மாறிவிட்டது. இரண்டு புக்கிங்கிலும் புதிய தேதி ஏறியது. டிக்கெட்டில் பழைய தேதி அப்படியே இருந்தது. அதை யாராவது மறுபடி வழங்கியிருக்க வேண்டும், ஒருவரும் செய்யவில்லை. "உங்கள் பயண நேரம் மாறியுள்ளது, சம்மதமா?" என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சம்மதம் என்று அழுத்திவிட்டு மறந்துபோனேன். ஒரு கணினியில் மாற்றினால் இன்னொன்றில் தானாக மாறிவிடும் என்று நம்பக் கூடாது என்பதை ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான்.

மீட்டிங்கை விட்டு வெளியே வந்து அழைத்தேன். 20 நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் எடுத்தார். சிக்கலை உடனே புரிந்துகொண்டு டிக்கெட் பிரிவுக்கு மாற்றினார். சென்னையில் கவுண்ட்டரை 12.10க்கு மூடினார்கள். புதிய டிக்கெட் எண் வந்தபோது அங்கே 12.25.

அம்மா பல்லாவரத்தில் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போய்ப் படுத்தார். மூன்றாம் நாள் வேறு பாதையில் இடம் கிடைத்தது. அவர் சிகாகோ வந்து இறங்குவதற்கு முந்தின நாள் மகள் பிறந்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள்தான் ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கொண்டுவந்தார்.

இப்போது நான் போனை வைப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கிறேன். கூட்டாளியின் ஆறு எழுத்து என்ன? டிக்கெட் வழங்கியாகிவிட்டதா, வரிசையில் நிற்கிறதா? கூட்டாளி டிக்கெட் சில மணி நேரம் வரிசையில் நிற்பது சகஜம். ஒரு நாள் ஆகியும் 13 இலக்கம் மின்னஞ்சலில் வரவில்லை என்றால் மறுபடி அழைக்கிறேன். கூட்டாளியின் வெப்சைட்டில் அவர்கள் எண்ணைக் கொடுத்து, டிக்கெட் எண் அங்கேயும் தெரிகிறதா என்று பார்க்கிறேன். நேர மாற்றம் என்று எந்த மின்னஞ்சல் வந்தாலும், ஐந்து நிமிட மாற்றமாக இருந்தாலும், சம்மதம் அழுத்தியதோடு விடாமல் "டிக்கெட்டை மறுபடி வழங்கினீர்களா?" என்று போனில் கேட்கிறேன். புறப்பாட்டுக்கு மூன்று நாள் முன்பு இன்னொரு தடவை. அம்மா இந்த எண்ணைத் தன் டைரியில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்கிறார். வராவிட்டால் அவரே போன் செய்து கேட்பார்.

மைல் டிக்கெட் என்றால் இலவசம் என்று நினைக்காதீர்கள். வரி உண்டு, சில நிறுவனங்களில் எரிபொருள் கூடுதல் கட்டணம் வரியைவிடப் பல மடங்கு. கார்டு எண் கொடுக்கும் முன் மொத்தத் தொகையைக் கேட்டுவிடுங்கள். அந்தக் கட்டணத்தை யார், எதற்காகப் போடுகிறார்கள் என்பது தனிக் கதை, குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.