மடியில் அமர்ந்த பிள்ளையின் பதில்

ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் ஒரு காட்சி வருகிறது. குருகுலத்தில் பயிலும் பிரகலாதனை இரணியன் மடியில் அமர்த்திக்கொண்டு, கற்றவற்றுள் சிறந்தது எது என்று கேட்கிறான். ஸ்ரீஹரியைச் சரணடைவதே சிறந்தது என்று குழந்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறான். இரணியன் அக்கணமே சீறியதாகவே பலரும் நினைப்பதுண்டு. ஆனால், மூலத்தில் அவன் முதலில் சிரிக்கிறான். பிறர் பேச்சால் பிள்ளைகளின் புத்தி கெடுகிறது, இவனைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவிடுகிறான். அடுத்த முறையும் மடியில் வைத்துக்கொண்டே கேட்கிறான். ஒன்பது வகை பக்தியைப் பிள்ளை எடுத்துரைத்த பிறகுதான் அவனைக் கீழே தள்ளுகிறான். யானையும் நஞ்சும் அதற்குப் பின்னரே.

இன்று பல இல்லங்களில் இந்த உரையாடல் தலைகீழாக நிகழ்கிறது. வேலைக்காக வெளியூர் சென்ற மகன் விடுமுறைக்கு வருகிறான். குலதெய்வக் கோயிலுக்கு வண்டி பேசும் வேளையில், "அப்பா, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்கிறான். மகளும் சொல்வதுண்டு. "யாரோ உன்னைக் கெடுத்துவிட்டார்கள்" என்பதே பெற்றோர் வாயில் வரும் முதல் வார்த்தை. இரணியன் சொன்னதும் அதுதான்.

பிரகலாதன் தெய்வத்தை நாடியவன், இவனோ விலகுபவன், இருவரையும் ஒப்பிடலாமா என்று கேட்பவர் உண்டு. இருவரும் சென்ற திசையை ஒப்பிட இயலாதுதான். ஒப்பிட வேண்டியது தந்தையின் நடத்தையை. கேட்டவரும் அவர், உண்மையான பதிலைத் தாங்க இயலாதவரும் அவரே. தலையாட்டிவிட்டு விபூதி பூசிக்கொள்ளும் பிள்ளையால் வீட்டில் அமைதி நிலவும். அவன் உள்ளத்தில் இருப்பது மட்டும் பெற்றோருக்குத் தெரியாமலே போகும். வாய்விட்டுச் சொல்பவன் பெற்றோரை நம்பியே சொல்கிறான்.

கோபத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் அச்சம். தமக்குப் பின் விளக்கேற்றுவது யார், திதி கொடுப்பது யார்? வாரிசு நியமனப் படிவத்தில் பெயர் எழுதிக் கையொப்பமிடுவதைப் போல முடிந்துவிடும் காரியமன்று இது. இதற்குப் பாகவதமே ஒரு செய்தி வைத்திருக்கிறது. வரம் கேட்கச் சொன்ன நரசிம்மரிடம் பிரகலாதன், தன் தந்தை தூய்மையடைய வேண்டும் என்றே வேண்டுகிறான். 21 தலைமுறை முன்னோருடன் அவன் தந்தை புனிதமடைந்ததாகப் பகவான் அருள்கிறார். பின்னர் அவர் ஆணைப்படி, இரணியனுக்குரிய ஈமக்கடன்களைப் பிரகலாதனே செய்கிறான். வழிபாட்டில் தந்தையோடு ஒருநாளும் உடன்படாத பிள்ளை!

சைவ மரபில் இன்னொரு வீடு, திருவாமூரில். பெற்றோரை இழந்த மருள்நீக்கியார் தமக்கை திலகவதியாரின் அரவணைப்பில் வளர்ந்தவர். உலகின் நிலையாமை உணர்ந்து, அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தல்களும் அமைத்து, சமயங்களின் நன்னெறியை அறிய விரும்பியே அவர் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்தார் என்கிறார் சேக்கிழார். கெட்ட சகவாசம் என்று பெரியபுராணம் கூறவில்லை.

தமக்கையின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டபோது உயிர்விடத் துணிந்து, தம்பிக்காகவே உயிர் தாங்கியவர் அவர். அந்தத் தம்பியே பிரிந்து சென்றார். திலகவதியார் பள்ளிக்குச் சென்று வாதிடவில்லை. திருவதிகைக் கோயிலை அலகிட்டு, மெழுகி, மலர் பறித்து மாலை தொடுத்து, தம்பிக்காக இறைவனிடம் முறையிட்டார். தம் உறுதியையும் அவர் தளர்த்தவில்லை. சூலை நோயால் துடித்த தம்பி ஆள் அனுப்பியபோது, அங்கு வர இயலாது என்றே சொல்லியனுப்பினார். இரவோடு இரவாகத் தம்பி வந்து அடிபணிந்ததும், எழுந்திருக்கச் சொல்லித் திருநீறு அளித்தார்.

விலகிய பிள்ளைகள் அனைவரும் திருநாவுக்கரசராகத் திரும்புவார்கள் என்று காத்திருப்பதும் ஒருவகை நெருக்குதலே. திரும்பாமலே நல்ல மகனாக இருப்பவர்களும் உண்டு. பெற்றோர் தம் பிரார்த்தனையை விட வேண்டியதில்லை. அர்ச்சனைச் சீட்டில் அவன் பெயரும் நட்சத்திரமும் வழக்கம்போல் இருக்கட்டும், அதற்கு அவன் அனுமதி தேவையில்லை. உறவினர் கூடியிருக்கையில், கும்பிடு என்று அவனை ஏவாதிருந்தால் போதும். சஷ்டியப்தபூர்த்தியில் அவன் ஹோமத்தின் அருகே அமராமல் பந்தியில் பரிமாற விரும்பினால், அந்த வேலையை அவனிடமே ஒப்படைக்கலாம். திதியைப் பற்றிய பேச்சை அன்றைக்கே எடுக்க வேண்டாம்.