பேக்கப் இருக்கு சரி... சர்வர் திரும்ப எழுந்து நிக்குமா?

2017 ஜூன் 27. டென்மார்க்கைச் சேர்ந்த மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்துப்போயின. யுக்ரேனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாகப் பரவிய ‘நாட்பெட்யா’தான் காரணம். துறைமுக வாசல்களில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. எந்த கன்டெய்னர் எங்கே போகணும்னு சொல்ல சிஸ்டமே இல்லை.

மேர்ஸ்க்கிடம் பேக்கப் இல்லாமல் இல்லை. பெரும்பாலான சர்வர்களுக்கு மூன்று முதல் ஏழு நாள் பழைய பேக்கப் இருந்தது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுக்குத்தான்... டொமைன் கன்ட்ரோலர். யார் எந்த மெஷினுக்குள் நுழையலாம் என்று முடிவு செய்கிற சர்வர் அது. அது வராமல் மற்றவற்றை மீட்டும் பிரயோஜனம் இல்லை.

ஏன் அதற்கு மட்டும் பேக்கப் இல்லை? உலகம் முழுக்க சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்றின் டேட்டாவை மற்றொன்று உடனுக்குடன் நகலெடுத்துக்கொள்ளும். ‘ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கே’ என்ற தைரியம். எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. கடைசியில் கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தது தெரியவந்தது. காரணம், வைரஸ் தாக்கியபோது அங்கே கரன்ட் கட்! நெட்வொர்க்கில் இல்லாததால் தப்பியது. அங்கிருந்து இன்டர்நெட்டில் அனுப்பினால் பல நாள் ஆகும். நேரில் கொண்டுவரலாம் என்றால் அங்கிருந்த ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை பறந்து, ஏர்போர்ட்டில் இன்னொரு ஊழியரிடம் ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்க, அவர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

உங்களுக்கு கப்பல் எல்லாம் இருக்காது. ஆனால், மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு வி.பி.எஸ் எடுத்து ஃப்ரெண்ட்ஸோட மைன்கிராஃப்ட் விளையாடுறீங்களா? வீட்டில் யாரோ நடத்தும் ஆன்லைன் துணிக்கடைக்கு நீங்கதான் ‘ஐ.டி டிபார்ட்மென்ட்’டா? அப்போ இது உங்களுக்குத்தான்.

முதலில் மேர்ஸ்க் கதையில் இருக்கிற விஷயம். நகல் வேறு, பேக்கப் வேறு. ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு, டிஸ்க் பழுதானால்தான் உதவும். நீங்க தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால், அது ரெண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். நேற்றைய நிலைக்குத் திரும்பிப் போக வழி இருந்தால்தான் அதற்கு பேக்கப் என்று பெயர்.

ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்களையே ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க. எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்குவீங்க? எவ்வளவு நேரம் சர்வர் படுத்திருந்தால் தாங்குவீங்க? மைன்கிராஃப்ட் உலகம் ஒரு நாள் பின்னால் போனால், கட்டின கோட்டையைத் திரும்பக் கட்டிக்கலாம். துணிக்கடையில் ஒரு நாள் ஆர்டர் காணாமல் போனால்? காசு கட்டியவர் போன் பண்ணுவார், உங்களிடம் பதில் இருக்காது.

முழு இமேஜா... ஃபைல் மட்டுமா?

சர்வர் என்பது ஃபைல்கள் மட்டும் இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம், அதன் செட்டிங்ஸ், ஃபயர்வால் விதிகள், எஸ்.எஸ்.எல் சான்றிதழ், ராத்திரி தானாக ஓடும் வேலைகள்... நீங்க எப்போதோ செய்து மறந்துபோன நூறு சின்னச் சின்ன மாற்றங்களும் சேர்ந்ததுதான் அது. இமேஜ் பேக்கப் இதையெல்லாம் டிஸ்க்கோடு அப்படியே அள்ளிக்கொள்ளும். மீட்கும்போது எதையும் யோசிக்க வேண்டாம், பழைய சர்வர் அப்படியே எழுந்து வரும். லினக்ஸ் சர்வருக்கு இதைச் செய்ய ‘ரிலாக்ஸ் அண்ட் ரெக்கவர்’ மாதிரி இலவச டூல்கள் இருக்கு. குளோன்ஸில்லாவும் நல்லதுதான். ஆனால் சர்வரை நிறுத்திவிட்டு எடுக்கணும் என்பதால் தினமும் சரிப்படாது.

இமேஜின் பிரச்னை அதன் சைஸ். 200 ஜி.பி இமேஜை 100 எம்.பி.பி.எஸ் இணைப்பில் இறக்க, எந்தத் தடங்கலும் இல்லாமல் போனாலே சுமார் நாலரை மணி நேரம். இந்தக் கணக்கை சர்வர் விழுந்த பிறகு போட்டுப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

ரெஸ்டிக், போர்க் போன்ற ஃபைல் பேக்கப் டூல்கள் முதல் முறை முழுசாக எடுத்துவிட்டு, அப்புறம் மாறியதை மட்டும் சேமிக்கும். லாக் பண்ணி, அதாவது என்க்ரிப்ட் செய்தே வைக்கும். இடம் மிச்சம். ஆனால் சர்வர் போனால், புதுசாக லினக்ஸ் போட்டு, எல்லாவற்றையும் திரும்ப இன்ஸ்டால் செய்த பிறகுதான் இந்த ஃபைல்களுக்கு வேலை.

கிளவுட் கம்பெனிகள் தரும் ஸ்னாப்ஷாட் ஒரே க்ளிக். சுகமானது. ரெண்டு இடத்தில் மட்டும் கவனம். ஒன்று, டேட்டாபேஸ். டீக்கடையில் மாஸ்டர் டீ ஆத்தும்போது போட்டோ எடுத்தால் பாதி டீ டம்ளரிலும் பாதி அந்தரத்திலும் இருக்குமே, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை ஸ்னாப்ஷாட் எடுப்பதும் அப்படித்தான். பெரும்பாலும் அது தன்னைத்தானே சரிசெய்துகொண்டு எழும். ‘பெரும்பாலும்’ போதாது என்றால், டேட்டாபேஸுக்கு மட்டும் தனியாக டம்ப் எடுத்து வையுங்க. ரெண்டு, ஸ்னாப்ஷாட் வழக்கமாக அதே கம்பெனியின் அதே அக்கவுன்ட்டில் இருக்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.ஹெச் டேட்டா சென்டர் ஒன்று தீயில் முழுதாக எரிந்தது. ‘ரஸ்ட்’ கேமின் ஐரோப்பிய சர்வர்கள் சில அதில் போயின. அந்த டேட்டாவை மீட்க முடியாது என்று கேமை நடத்துபவர்களே அறிவித்தார்கள்.

என்னைக் கேட்டால், சின்ன சர்வருக்கு ஒரே முறையில் நிற்காதீங்க. வாரம் ஒரு முழு இமேஜ் அல்லது ஸ்னாப்ஷாட். தினமும் டேட்டாபேஸ் டம்ப்பும் ஃபைல்களும், வேறொரு கம்பெனியின் ஸ்டோரேஜுக்கு. கடை மாதிரி பணம் புழங்கும் இடம் என்றால் டம்ப்பை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆக்கிக்கோங்க. அந்த ஸ்டோரேஜின் பாஸ்வேர்டு சர்வருக்குள்ளேயே கிடந்தால், உள்ளே நுழைந்தவன் பேக்கப்பையும் சேர்த்துத்தான் அழிப்பான். அதனால் குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி உள்ள ஸ்டோரேஜாகப் பாருங்க.

எடுத்தால் போதுமா?

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தின் இன்ஜினீயர் ஒருவர், நகல் சர்வரில் அழிக்க வேண்டியதை அசல் சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி டேட்டாபேஸ், சில நொடிகளில்! சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போய்ப் பார்த்தால், அது சேமிக்கப்பட வேண்டிய இடம் காலி. டம்ப் எடுக்கும் சாஃப்ட்வேரின் வெர்ஷன் பொருந்தாமல், அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றது என்று சொல்லும் இமெயில்களும் யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன், வேறு ஒரு டெஸ்ட்டுக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அதிலிருந்து மீட்பதை யூடியூபில் லைவாகவே காட்டினார்கள். இந்த நேர்மைக்கு ஒரு சபாஷ் சொல்லணும்.

அதனால், இந்த வார இறுதியில் ஒரு வேலை பண்ணுங்க. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு புது வி.பி.எஸ் எடுங்க. பழைய சர்வரைத் தொடாமல், பேக்கப்பை மட்டும் வைத்து அதை எழுப்பிப் பாருங்க. டேட்டாபேஸில் கடைசி ஆர்டர் எந்தத் தேதி என்று பாருங்க. ஆரம்பித்ததிலிருந்து சைட் திறக்கிற வரை எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு போனில் ஸ்டாப்வாட்ச் வையுங்க. என்க்ரிப்ஷன் பாஸ்வேர்டு எங்கே எழுதி வெச்சோம்னு தேடுற நேரமும் அதில் சேர்த்திதான். முடிந்ததும் மறக்காமல் அந்த வி.பி.எஸ்ஸை டெலீட் பண்ணிடுங்க, மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும்.