உறுப்பினர் ஆளும் வலைத்தளங்களில் விதியும் தணிக்கையும்

1910-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி ‘சுதேசாபிமானி’ பத்திரிகையின் அச்சகம் திருவனந்தபுரத்தில் போலீசாரால் முத்திரையிடப்பட்டது. அச்சு யந்திரம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை கைதாகி, திருவிதாங்கூர் எல்லைக்கப்பால் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லப்பட்டார். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிருவாகத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதி வந்தமையே காரணமாகும். விசாரணை எதுவும் நடைபெறவில்லை. மன்னரின் பிரகடனம் ஒன்றே போதுமானதாக இருந்தது. அச்சகத்தின் உடைமையாளரான வக்கம் அப்துல் காதர் மௌலவி ஆசிரியரின் எழுத்தில் ஒருபோதும் தலையிடாதவர்; எனினும் அவரும் தம் யந்திரத்தை இழந்தார். பிள்ளை 1916-இல் கண்ணூரில் காலமானார். சம்ஸ்தானத்திற்குள் மீண்டும் அடியெடுத்து வைக்க அவருக்கு வாய்க்கவில்லை.

எழுத்தைத் தடுக்க அன்று ஒரு யந்திரத்தைக் கைப்பற்றினால் போதும். இன்று எழுதுகிறவர்களின் தொகை கோடிக்கணக்கில் இருக்கிறது. அச்சகம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஆகவே, எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்னும் கேள்வியும் புதிய உருவம் எடுத்துள்ளது. அக்கேள்விக்கு விடை காண அரசாங்கங்கள் ஒரு வழியிலும், கம்பெனிகள் மற்றொரு வழியிலும், தாமே கூடித் தமக்கென விதி வகுத்துக்கொண்ட உறுப்பினர்கள் மூன்றாவது வழியிலும் முயன்று வருகின்றனர். இம்மூன்றாவது வழியே இக்கட்டுரையின் பொருளாகும். ஆயினும் முதலிரண்டையும் சிறிது கூறினாலன்றி அதன் தன்மை விளங்காது.

முதலில் அரசாங்கத்தின் வழி. மத்திய அரசாங்கத்தின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்னும் பிரிவு இருந்தது. கணிப்பொறி அல்லது தொலைபேசி வாயிலாக எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவோருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அது கூறிற்று. அதனை ஒத்த 118(டி) என்னும் பிரிவு 2011-ஆம் ஆண்டின் கேரளப் போலீஸ் சட்டத்திலும் இடம்பெற்றது. இவ்விரண்டையும் 2015 மார்ச் 24-ஆம் தேதி, ஸ்ரேயா சிங்கால் வழக்கின் தீர்ப்பில், நீதிபதிகள் ஜே. செலமேஸ்வரும் ஆர். எப். நாரிமனும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு செல்லாதெனத் தள்ளியது. எரிச்சல் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு வேடிக்கையாகத் தோன்றுவது மற்றொருவருக்கு அவமதிப்பாகப் படும். எல்லை இன்னதென்று அறிய முடியாத சொற்களைக் கொண்டு ஒருவரைச் சிறையிலிடலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஐந்தாண்டு கழிந்தபின் திருவனந்தபுரத்தில் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. சமூக ஊடகங்களில் பெண்கள்மீது வீசப்படும் இழிமொழிகளை அடக்குவதற்கென்று கூறி, போலீஸ் சட்டத்தில் 118ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்க்கும் அவசரச் சட்டம் 2020 நவம்பரில் பிறப்பிக்கப்பட்டது. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘எவ்வகைத் தொடர்புச் சாதனமும்’ என்று பொருள்படும் வாசகம் அதில் இருந்ததால், நாளிதழ்களும் அதன் வலைக்குள் விழும் என்று பலர் அஞ்சினர். எதிர்ப்பு எழுந்தது, ஆளுங்கட்சியைச் சார்ந்த அணியினுள்ளிருந்தும் எழுந்தது. சில நாட்களிலேயே அச்சட்டத்தை அமல் செய்வதில்லை என்று முதலமைச்சர் அறிவித்தார். அம்மாதத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அது போக்க வந்த துன்பமோ பொய்யன்று. இழிமொழிக்கு ஆளான பெண்களின் குறை அச்சட்டத்தோடு மறைந்துவிடவில்லை.

கம்பெனியின் வழி வேறு. பெரிய சமூக ஊடகக் கம்பெனிகள் தம் விதிகளைத் தாமே எழுதுகின்றன. மீறல் நிகழ்ந்ததா என்பதைத் தம் ஊழியரையும் தானியங்கி நிரல்களையும் கொண்டு தாமே முடிவு செய்கின்றன. மேல் முறையீட்டையும் பெரும்பாலும் தாமே கேட்கின்றன. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை அன்று ட்விட்டர் என்று வழங்கிய தளம் நிறுத்திவைத்தது. அவர் தம் பக்கத்தின் முகப்பில் வைத்திருந்த 1936-ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்றே காரணம். ஹாம்பர்க் நகரில், நாஜி வணக்கம் செலுத்தும் பெருங்கூட்டத்தின் நடுவே ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் காட்சி அது. வெறுப்பை எதிர்க்கும் படம் வெறுப்பைப் பரப்பும் படமெனக் கொள்ளப்பட்டது! இதனால் மனம் கசந்த இந்தியர் பலர் அவ்வாண்டு நவம்பரில் ‘மாஸ்டடான்’ என்னும் வேறொரு வலைக்குக் குடிபெயர்ந்தனர். இந்நாட்டின் பத்திரிகைகள் அப்பெயரை விரிவாக எழுதியது அப்போதுதான்.

மாஸ்டடான் 2016-இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோஷ்கோ என்னும் இளைஞரால் உருவாக்கப்பட்டது. இதன் அமைப்பைத் தபால் நிலையங்களோடு ஒப்பிட்டுக் காட்டலாம். நெய்யாற்றின்கரையில் இடும் கடிதம் நாகர்கோவிலில் சேர்ப்பிக்கப்படுவதற்கு இரு நிலையங்களும் ஒரே அதிகாரியின் கீழ் இருந்தாக வேண்டியதில்லை; கடிதத்தை ஏற்று அனுப்பும் முறையில் இரண்டும் உடன்பட்டிருந்தால் போதும். அவ்வாறே மாஸ்டடானும் ‘சர்வர்’ எனப்படும் ஆயிரக்கணக்கான தனித்தனிக் கணிப்பொறிகளால் ஆனது. ஒவ்வொன்றையும் ஒருவரோ ஒரு சிறு குழுவோ தம் செலவில் நடத்துகின்றனர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி செல்லும் முறைக்கு ‘ஆக்டிவிட்டிபப்’ என்று பெயர். 2018 ஜனவரியில் அது உலகளாவிய வலைக்குரிய தரமுறைகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இதன் மென்பொருள் கட்டற்றது. எவரும் அதனைப் பெறலாம், ஆராயலாம், திருத்தலாம், தம் கணிப்பொறியில் இயக்கலாம். இக்கொள்கை திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பெற்றது இந்நகரில்தான். இத்துறைக்கெனக் கேரள அரசாங்கம் நிறுவிய ‘ஐசிபாஸ்’ என்னும் சர்வதேச மையமும் இங்கேயே உள்ளது. ராஜ்யத்தின் பள்ளிக்கூடங்களில் கணிப்பொறிப் பாடமும் அவ்வகை மென்பொருளைக் கொண்டே நடைபெறுகிறது.

ஒவ்வொரு சர்வரும் தன் விதிகளைத் தன் அறிமுகப் பக்கத்தில் வெளியிடுகிறது. விதியை மீறியதாகப் புகார் வந்தால், அந்தச் சர்வரின் நடத்துநர் பதிவை நீக்கலாம், எழுதியவரின் குரல் எட்டும் தூரத்தைக் குறைக்கலாம், கணக்கை முடக்கலாம். அடுத்த சர்வரிலிருந்து தொல்லை வருமாயின் அதனோடு உறவையே துண்டித்துக் கொள்ளலாம். முழு வலையிலிருந்தும் ஒருவரை விலக்கும் அதிகாரம் மட்டும் எவரிடமும் இல்லை. 2019 ஜூலையில் தீவிர வலதுசாரியினர் மிகுந்த ‘காப்’ என்னும் தளம் மாஸ்டடான் மென்பொருளைத் தழுவிக்கொண்டபோது இது சோதனைக்குள்ளாயிற்று. மென்பொருள் கட்டற்றதாதலால் அதைத் தடுக்க வழியில்லை. ஆனால் மிகப் பல சர்வர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அதற்குத் தம் கதவைச் சாத்தின. அத்தளம் வாய் மூடப்படவில்லை. அதற்குச் செவி கொடுக்க மறுத்தவர்கள் தம் விருப்பப்படி மறுத்தனர். கிராமத்தில் ஒருவரோடு பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளாதிருப்பதை ஒத்தது இது. அம்முறையின் நன்மையும் கொடுமையும் நம்மவர் அறியாதவை அல்ல.

விக்கிப்பீடியா மற்றொரு மாதிரி. மலையாள விக்கிப்பீடியா 2002 டிசம்பரிலும் தமிழ் விக்கிப்பீடியா 2003-லும் தொடங்கின. பொது விவாதங்களுக்குரிய பக்கத்துக்கு மலையாளத்தார் ‘பஞ்சாயத்து’ என்று பெயரிட்டுள்ளனர். தமிழர் ‘ஆலமரத்தடி’ என்கின்றனர். பெயரே கருத்தை உணர்த்தும். ஆனால் ஆலமரத்தடியில் பேசியது காற்றோடு போகும். இங்கோ பேசிய ஒவ்வொரு சொல்லும், பேசியவர் பெயரும், நாளும் நாழிகையும் பதிந்து நிற்கும்.

நீக்கம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது தகும். ஒரு கட்டுரை நடுநிலை தவறியது, அல்லது ஆதாரமற்றது என்று எவரேனும் கருதினால், அதன் தலையில் ஓர் அறிவிப்பை ஒட்டி, நீக்கத்துக்கு முன்மொழியலாம். அதன்பின் விவாதம் திறந்த பக்கத்தில் நடக்கிறது. கட்டுரையை எழுதியவரும் அங்கே வந்து தம் வாதத்தைக் கூறலாம். தலைகளை எண்ணிப் பார்ப்பதைக் காட்டிலும் காரணங்களை எடை போடுவதே முறை. இதனைக் கருத்தொருமிப்பு என்பர். முடிவை நிறைவேற்றும் நிருவாகிகளும் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. நீக்கிய நிருவாகியின் பயனர் பெயர், நேரம், காரணம் ஆகியவை எவரும் படிக்கக்கூடிய குறிப்பேட்டில் ஏறுகின்றன. நீக்கப்பட்ட பக்கமும் அழிந்துவிடுவதில்லை. முடிவு தவறென்று தெரிந்தால் மீட்கலாம். எழுதவிடாமல் ஒருவரைத் தடை செய்தால் எத்தனை நாளுக்கு, எதற்காக என்பதும் அவ்வாறே பதிவாகிறது. இவ்வொழுங்குக்கு முக்கியமான விலக்கு ஒன்றுண்டு. ஒருவருடைய தொலைபேசி எண், வீட்டு விலாசம் போன்ற அந்தரங்கச் செய்திகளை எவரேனும் வெளியிட்டுவிட்டால், அவை சாதாரண நிருவாகிகளின் கண்ணுக்கும் தெரியாதவாறு மறைக்கப்படுகின்றன. அங்கே நீக்கம் மட்டும் போதாது; நீக்கியதன் சுவடும் தீங்கு செய்யும்.

1910-இல் ராமகிருஷ்ண பிள்ளைக்குக் கிடைக்காதது எதுவென்று இங்கே தெளிவாகும். மறுத்துப் பேச ஓர் இடமும், காரணத்தைப் பிறர் படித்துச் சீர்தூக்க ஓர் ஏடும் அவருக்கு இல்லை. விதி கடுமையானதா, இலகுவானதா என்பதைக் காட்டிலும், அது கையாளப்பட்ட விதம் எவர் கண்ணுக்குப் புலப்படுகிறது என்பதே தணிக்கையையும் ஒழுங்கு முறையையும் வேறாக்குகிறது.

இதனால், உறுப்பினர் ஆளும் தளம் எல்லாம் நீதியின் இருப்பிடம் என்று கொள்ளலாகாது. குரோஷிய மொழி விக்கிப்பீடியா இதற்கு எச்சரிக்கையாகும். அங்கே ஒரே மனப்போக்குடைய நிருவாகிகள் சிலர் ஒருவர்க்கொருவர் துணையாகி, ஏறத்தாழப் பத்தாண்டு, மாற்றுக் கருத்தினரைத் தடைசெய்து வெளியேற்றினர். இரண்டாம் உலகப் போர்க்கால வரலாற்றைத் தம் விருப்பம்போல் திரித்தனர். விக்கிமீடியா அறக்கட்டளையின் சார்பில் 2021-இல் வெளியான அறிக்கை இதனை விவரித்தது. விவாதப் பக்கமும் குறிப்பேடும் அங்கும் இருந்தன. படித்துத் தட்டிக் கேட்பவர்தாம் மிகச் சிலராக இருந்தனர். கேட்டவர்களோ தடை செய்யப்பட்டனர். சிறிய மொழிகளுக்கு இந்த அபாயம் அதிகம். முப்பது பேர் முறையாக எழுதும் தளத்தில் நான்கு பேர் கைகோத்தால் அதுவே ஆட்சி.

உறுப்பினரின் விதிக்கு மேல் நாட்டின் சட்டமும் நிற்கிறது. பிறர் எழுதியதை ஏந்திச் செல்லும் தளம் அதற்காகத் தண்டிக்கப்படாதென்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. நீதிமன்ற உத்தரவோ அரசாங்க அறிவிப்போ வந்தபின்னும் நீக்காதிருந்தால் அப்பாதுகாப்பு போய்விடும் என்று 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதனை விளக்கியது. 2021 பிப்ரவரியில் வெளியான விதிகள் ஒவ்வொரு தளத்துக்கும் குறை தீர்க்கும் அதிகாரி ஒருவர் வேண்டுமென்றன. புகாரை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு 15 நாளில் முடிக்க வேண்டுமென்றன. அவ்விதிகள் பின்னர் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களையுடைய தளங்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு. பெரிய கம்பெனிக்கு இவை ஓர் இலாகாவின் வேலை. பகலில் அலுவலகம் சென்று, இரவில் இருநூறு நண்பர்களுக்காகச் சர்வர் நடத்தும் ஒருவருக்கோ அந்த அதிகாரியும் தாமே, எழுத்தரும் தாமே, கணிப்பொறி பழுது பார்ப்பவரும் தாமே. நோட்டீஸ் வந்த மறுநாளே அவர் பதிவை நீக்கிவிடுவார். விவாதிக்க அவருக்கு நேரமும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. சட்டம் கேட்காததையும் அச்சம் நீக்கிவிடும்.

விக்கிப்பீடியாவுக்கு வழக்கறிஞர்கள் உண்டு. 2024-இல் ஏ.என்.ஐ. செய்தி ஸ்தாபனம், தன்னைப் பற்றிய கட்டுரை அவதூறானது என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, அதனைத் திருத்தியவர்கள் யாரென்று வெளியிடவும் கோரியது. அவ்வழக்கைப் பற்றியே உறுப்பினர்கள் தனிக்கட்டுரை ஒன்று எழுதினர். அதனை நீக்குமாறு அவ்வாண்டு அக்டோபரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட, கட்டுரையும் விவாதப் பக்கமும் மறைக்கப்பட்டன. 2025 மே 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்து செய்தது. நீதிமன்றங்களில் நடப்பதைப் பொதுமக்கள் விவாதிப்பதும் விமரிசிப்பதும் தவறாகா என்பது அதன் கருத்து.

சிறிய சர்வரில் எழுதுகிறவருக்கு உச்ச நீதிமன்றம் வெகு தொலைவு. அவருக்குக் கைக்கெட்டும் பாதுகாப்பு, விதி பிடிக்காவிடில் வேறு சர்வருக்குப் பெயர்ந்துவிடுவதேயாகும். மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற விரும்பும் சர்வர்கள் 2019 முதல் ஓர் உடன்படிக்கையை ஏற்க வேண்டும்: நாள்தோறும் பிரதி எடுத்து வைத்தல், அவசர காலத்தில் சர்வரை இயக்க இன்னொருவருக்கும் அனுமதி அளித்தல், மூடுவதானால் மூன்று மாதம் முன்னரே அறிவித்தல், இனவெறி முதலியவற்றைக் கண்காணித்து அகற்றல் ஆகியவை அதிலுள்ளன. பெயர்கின்றவர் தம்மைப் பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம். தாம் பின்தொடர்வோரின் பட்டியலையும் எடுத்துச் செல்லலாம். பழைய இடத்தில் எழுதிய பதிவுகள் மட்டும் உடன் வருவதில்லை. அவை அங்கேயே, பழைய நடத்துநரின் பொறுப்பில், அவர் வைத்திருக்கும் காலம் வரை இருக்கும்.